கேமரா பாடியை மாற்றலாமா? கெட்டுப்போன படங்களை வைத்து முடிவெடுக்கும் வழி

போன தை மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். தோளில் நாலு வருடமாகப் பழகிய கேனன் 1500டி. கல்யாண வேலைகளுக்கு இரண்டாவது ஃபோட்டோகிராஃபராகப் போய்க்கொண்டிருந்தவன், அப்போதுதான் தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

"மாமா, இதை வித்துட்டு ஃபுல் ஃபிரேம் போயிடலாம்னு இருக்கேன். மண்டபத்துக்குள்ள படம் நிக்கவே மாட்டேங்குது."

ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமரா. மாதத் தவணை எவ்வளவு வரும் என்பது வரை கணக்குப் போட்டு வைத்திருந்தான். "நிக்காத படத்தையெல்லாம் வச்சிருக்கியா, அழிச்சிட்டியா?" என்று கேட்டேன். வைத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் ராத்திரி பதினொன்றரை வரை அவற்றைத்தான் பார்த்தோம்.

அதில் ஒரு படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தாலி கட்டும் நேரம். மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போயிருக்கின்றன, சுற்றிலும் அட்சதை பறக்கிறது. இரண்டு முகமும் மங்கல். ஓரத்தில் யாரோ ஒரு பெரியம்மா அட்சதை போட நீட்டிய கை மட்டும் துல்லியமாக இருக்கிறது. வளையலில் இருந்த கீறல்கூடத் தெரிகிறது. கேனன் இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்து, ஃபோகஸ் புள்ளியைக் காட்டச் சொன்னோம். புள்ளி அந்த வளையல் மேல் உட்கார்ந்திருந்தது. ஒன்பது புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருந்தான். அப்படி விட்டால் கேமரா பெரும்பாலும் தனக்குக் கிட்டத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும்.

இது பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) குறையா, எடுத்தவனின் குறையா? கண்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் புதிய மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவாக இருந்திருந்தால் அனேகமாகப் பெண்ணின் முகத்தைப் பிடித்திருக்கும். நடுப் புள்ளியை மட்டும் தேர்ந்து முகத்தில் வைத்திருந்தால் 1500டி-யும் பிடித்திருக்கும். முதல் வழிக்குப் பெரிய தொகை ஆகும். இரண்டாவதற்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அடுத்த எட்டு மாதத்தில் அவனும் நானும் சேர்ந்து செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் நிக்கானோ சோனியோ இருந்தாலும் வழி இதுதான், கணக்கு மட்டும் கொஞ்சம் மாறும்.

படி 1: கெட்ட படங்களைக் குவியல் குவியலாகப் பிரியுங்கள்

கடைசி ஆறு மாதத்தில் நீங்கள் கொடுக்க முடியாமல் ஒதுக்கிய படங்களில் ஒரு நூறை எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். உடனுக்குடன் அழித்துவிடும் பழக்கம் இருந்தால், இன்றிலிருந்து ஒரு மாதம் எதையும் அழிக்காதீர்கள். நல்ல படங்களைப் பார்த்து கேமராவை எடைபோட முடியாது. கெட்ட படம்தான் எங்கே இடிக்கிறது என்று காட்டும்.

ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் எங்காவது ஒரு இடம் தெளிவாக இருந்து, வேண்டிய இடம் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எந்த இடமுமே தெளிவாக இல்லை, விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கோடு இழுத்திருக்கின்றன என்றால் உங்கள் கை அசைந்திருக்கிறது. தூணும் பின்னால் உள்ள திரையும் தெளிவு, மேளக்காரரின் கை மட்டும் புகை மாதிரி இருக்கிறது என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. இந்த மூன்றையும் "படம் நிக்கல" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு வேறு.

மற்ற குவியல்கள்: கிரெய்ன் (மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள்) அதிகமாகி முகத்தில் நிறம் கெட்டவை, தருணம் ஒரு நொடி தவறியவை, எல்லாம் சரியாக இருந்தும் படமாக நன்றாக இல்லாதவை. கடைசிக் குவியல் பெரிதாக இருந்தால் எந்த பாடியும் உதவாது. அந்தப் பணத்தில் நல்ல பயிற்சி வகுப்புக்கோ, ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கவோ செலவழிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரித்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), லென்ஸின் மிமீ அளவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் கையால் எழுதுங்கள். முப்பதாவது படத்தைத் தாண்டுவதற்குள் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அவனுடைய நோட்டில் "1/60, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, 55 மிமீ" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

படி 2: செலவில்லாத மருந்தை முதலில் கொடுங்கள்

ஃபோகஸ் குவியலில் தொடங்குவோம். எல்லாப் புள்ளிகளையும் தானாக விடுவதை நிறுத்தி, ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். 1500டி-யின் ஒன்பது புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டும்தான் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் பார்க்கும் வகை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதை நம்பலாம், ஓரப் புள்ளிகள் தடுமாறும். நிக்கான்காரர்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் ஃபோகஸ் புள்ளி எங்கே இருந்தது என்று பார்க்கலாம்.

புள்ளி சரியாக முகத்தில் இருந்தும் முகம் மங்கலாக வருகிறதா? அப்போது ஒரு சோதனை. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டாமல், மேசையில் 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். கேமராவை டிரைபாடில் வைத்து, நடுவில் உள்ள ஒரு தலைப்பு வரியில் வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஐந்து படம், அதே வரியில் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஐந்து படம். லைவ் வியூவில் எடுத்தது தெளிவாகவும், வியூஃபைண்டரில் எடுத்தது எல்லாமே அந்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தும் இருந்தால், டிஎஸ்எல்ஆரின் (1500டி மாதிரி உள்ளே கண்ணாடி உள்ள கேமராவின்) ஃபோகஸ் அமைப்பு லென்ஸோடு ஒத்துப்போகவில்லை. சர்வீஸ் சென்டரில் சரிசெய்து தருவார்கள். கேனன் 6டி மார்க் 2 போன்ற மேல்நிலை பாடிகளில் இதை நீங்களே மெனுவில் திருத்தலாம். மிர்ரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அங்கே இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்து, அசைந்த படங்கள். 55 மிமீ லென்ஸை 1.6 மடங்கு கிராப் பாடியில் (1500டி மாதிரி சென்சார் சிறிதான பாடியில்) போட்டால் 88 மிமீ லென்ஸின் கோணம். கையில் பிடித்து எடுக்க 1/90-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய கணக்கு. நடக்கிற, சிரிக்கிற மனிதர்களுக்கு 1/125-ஆவது வேண்டும். நாட்டியத்துக்கு 1/250-இல் தொடங்குங்கள், குதிக்கும் இடத்தில் அதற்கும் மேலே. டயலை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்பி 1/125 வைத்து ஐஎஸ்ஓவைத் தானியங்கிக்கு விட்டாலே இந்தக் குவியல் பாதி கரைந்துவிடும்.

"ஐஎஸ்ஓ 6400 போயிடுமே மாமா" என்றான். போகட்டும். கிரெய்ன் உள்ள படத்தை அச்சடிக்கலாம், அசைந்த படத்தை என்ன செய்வது? குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றினால்தான் 1500டி மாதிரியான பாடிகளில் கிரெய்ன் இன்னும் மோசமாக வரும். ஜேபெக்கை விட்டு ராவுக்கு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்புக்கு) மாறுங்கள். 2023 ஏப்ரலில் லைட்ரூம் மென்பொருளில் வந்த, கிரெய்னை நீக்கும் ஏஐ டீனாய்ஸ் வசதி பழைய கேமராவின் ரா கோப்பிலும் வேலை செய்கிறது. அவனுடைய ஐஎஸ்ஓ 6400 படம் ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தபோது, புடவையின் ஜரிகைக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. கிரெய்னுக்காக மட்டும் பாடி மாற்ற நினைப்பவர்கள் இதைச் செய்து பார்க்காமல் கடைக்குப் போகவே கூடாது.

இந்த மாற்றங்களோடு ஒரு மாதம் எடுங்கள். பிறகு மறுபடியும் நூறு கெட்ட படம், மறுபடியும் நோட்டு.

படி 3: லென்ஸா பாடியா, கணக்குப் பாருங்கள்

கிட் லென்ஸை (கேமராவோடு வரும் லென்ஸை) 55 மிமீக்கு ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6. கேனன் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஸ்டாப் (ஒவ்வொன்றும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் படி) கணக்கில் 3.3. அவனுடைய நோட்டில் இருந்த 1/60, ஐஎஸ்ஓ 3200 என்ற வரி, இந்த லென்ஸில் 1/125, ஐஎஸ்ஓ 800 ஆகிவிடும், மீதியும் கொஞ்சம் கையில் இருக்கும்.

இப்போது பாடி மட்டும் மாறினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 க்கு 24 மிமீ. 1500டி-யில் உள்ள கேனனின் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3 க்கு 14.9 மிமீ. பரப்பில் 2.6 மடங்கு வித்தியாசம், அதாவது ஒரே தலைமுறைச் சென்சார்களுக்கு நடுவே சுமார் 1.4 ஸ்டாப். பத்தாயிரத்துக்குச் சற்று முன்பின் விலையுள்ள லென்ஸ் 3.3 ஸ்டாப் கொடுக்கும்போது, அதைப்போலப் பத்து மடங்கு விலையில் வரும் பாடி 1.4 கொடுக்கிறது. மண்டபத்துக்குள் எடுப்பவர்களுக்கு முதல் செலவு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். எஃப் 1.8-இல் ஒரு கண் தெளிவாக இருக்கும்போது மறு கண் மங்கிவிடும் அளவுக்கு ஃபோகஸ் ஆழம் குறையும், குடும்பப் படத்துக்கு ஆகாது. ஜூமும் இல்லை, முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கூட்டமான மணமேடையில் அதற்கு இடம் கிடைக்காது. ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிப்பதும் சேர்ந்தால்தான் முழு வேலையும் நடக்கும்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கல்யாண ஆல்பம் பெரும்பாலும் 12×36 அங்குலம். விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 12×18. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து முழுப் பக்கப் படம் அச்சடிக்க 5400×3600 பிக்சல் போதும், அது 19.4 மெகாபிக்சல். 1500டி தருவது 24. ஆல்பம் வேலைக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். 45 மெகாபிக்சல் என்றால் ஏதோ இரண்டு மடங்கு தெளிவு என்று தோன்றும். நீள அகலத்தில் கூடுவது 37 சதவீதம்தான். ஹார்ட் டிஸ்க்தான் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பும்.

படி 4: பாடியால் மட்டுமே தீரக்கூடியவை

இதுவரை படித்தவர்களுக்கு நான் பாடி மாற்றவே கூடாது என்று சொல்வதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. எந்த லென்ஸும் எந்தப் பழக்கமும் தீர்க்காத குறைகள் உண்டு. உங்கள் நோட்டின் இரண்டாவது சுற்றில் மிஞ்சியவை இவற்றில் ஒன்றாக இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள்.

முதலில் நான் சொல்வது இரண்டு கார்டு துளைகள். பல வருடம் முன்பு ஒரு காதுகுத்து விழாவில் என் கேமராவில் இருந்த மெமரி கார்டு பாதி நாளில் செயலிழந்தது. மொட்டை போட்டதிலிருந்து காது குத்தும் வரை எடுத்த எல்லாம் அதில்தான். மீட்கும் மென்பொருள் எல்லாம் ஓட்டியும் பாதிக்குப் பாதிப் படம் சாம்பல் நிறப் பட்டையாகத்தான் வந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை அழும் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் செய்தி சொன்ன நிமிடம் எனக்கு மறக்காது. காசு வாங்கிக்கொண்டு, திரும்ப நடக்காத ஒரு நிகழ்ச்சியை எடுப்பவர்களுக்கு, ஒரே படத்தை இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதும் பாடி தேவை. மற்ற எல்லாக் காரணத்தையும் விட இதை நான் மேலே வைக்கிறேன். வாங்கும்போது கவனம்: மிர்ரர்லெஸ் என்றாலே இரண்டு துளை இருக்கும் என்று நினைக்காதீர்கள். கேனன் ஆர்8 ஃபுல் ஃபிரேம்தான், ஆனால் ஒரு துளைதான். ஏபிஎஸ்-சி பாடியான ஆர்7-இல் இரண்டு இருக்கின்றன.

அடுத்தது இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமை. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், ஷட்டர் விழாது. 1500டி-யின் ஃபோகஸ் அமைப்பு ஈவி (வெளிச்ச அளவு, ஒரு எண் இறங்கினால் வெளிச்சம் பாதி) 0 வரை வேலை செய்யும். 6டி மார்க் 2-இன் நடுப் புள்ளி மைனஸ் 3 வரை இறங்கும், அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்திலும் பிடிக்கும். 2020-இல் வந்த ஆர்6, எஃப் 1.2 லென்ஸோடு மைனஸ் 6.5 வரை போகும் என்கிறது கேனன். ராத்திரி சுவாமி புறப்பாடு, வரவேற்பில் விளக்கை அணைத்துவிட்டு ஜோடி உள்ளே நடந்து வரும் காட்சி, இங்கெல்லாம் இந்த வித்தியாசத்தைக் கையிலேயே உணரலாம். நம்மை நோக்கி நடந்து வருபவரின் கண்ணை விடாமல் தொடர்வதும் புதிய மிர்ரர்லெஸ்களின் உண்மையான பலம். பத்தில் நாலு கிடைத்த இடத்தில் எட்டு ஒன்பது கிடைக்கும்.

மூன்றாவது, விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். வேகமான ஷட்டரில் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் சில மஞ்சளாக, சில இருட்டாக வருவது இதனால்தான். 2014-இல் கேனன் 7டி மார்க் 2-இல் கொண்டு வந்த ஆன்டி-ஃபிளிக்கர் வசதி, விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடக்க நிலை பாடிகள் பலவற்றில் இது கிடையாது. மேடை எல்இடி விளக்குகளின் கதை வேறு. அவற்றின் கீழ் மிர்ரர்லெஸ்ஸின் மின்னணு ஷட்டரைப் போட்டால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். அப்போது இயந்திர ஷட்டருக்கே திரும்ப வேண்டும்.

வீடியோவும் சேர்த்து எடுக்கிறவர்களுக்குக் கேள்வி சுலபம். 1500டி-யில் வெளி மைக் செருக இடமே இல்லை, வீடியோவில் ஃபோகஸும் மெதுவாகத் தேடும். அங்கே லென்ஸ் மாற்றிப் பயனில்லை.

அமைதி இன்னொன்று. கச்சேரியில் பாடகர் ஆலாபனையை மெல்ல இறக்கும் நேரம் டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி "டக்" என்று அடித்தால் முதல் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சபாக்களில் எடுப்பவர்களுக்கு மிர்ரர்லெஸ்ஸின் ஓசையற்ற ஷட்டர் ஒன்றே போதுமான காரணம்.

ஃபிளாஷ் வைத்து வேலை செய்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேனன் 200டி மார்க் 2-இன் ஃபிளாஷ் ஷூவில் நடுவில் இருக்கும் பொதுவான தொடுமுனை கிடையாது. அதை மட்டும் நம்பி இயங்கும் விலை குறைந்த டிரிக்கர்கள் (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவிகள்) அதில் வேலை செய்யாது. "ஒரு படி மேல்" என்று அதற்குப் போகிறவர்கள், தங்கள் டிரிக்கரைக் கடைக்கே எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனைப் பலர் தவறாக நம்புகிறார்கள். அது உங்கள் கை ஆட்டத்தை அடக்கும், ஆடுபவரின் கையை நிறுத்தாது. கோயில் மண்டபத்துத் தூணுக்கு உதவும், கும்மிக்கு உதவாது.

படி 5: எந்தப் பக்கம் ஏறுவது

ஃபுல் ஃபிரேம் என்றால் மேல், ஏபிஎஸ்-சி என்றால் கீழ் என்று ஏணி மாதிரி பார்ப்பது தவறு. வேடந்தாங்கலில் ஏரிக்கரை நடைபாதையில் நின்று, தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களிடம் 300 மிமீ லென்ஸ். கிராப் பாடியில் அது 480 மிமீ லென்ஸின் கோணத்தைத் தருகிறது. அதே லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் போட்டால் பறவை சட்டத்துக்குள் சிறுத்துவிடும். வெட்டிப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தால் மிஞ்சுவது 9 மெகாபிக்சல் சொச்சம். லட்சக்கணக்கில் செலவழித்துப் பறவையைச் சின்னதாக்கிக்கொண்ட நண்பர்களை எனக்குத் தெரியும். பறவைகளுக்கு ஆர்7 போன்ற 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி பாடியோ, அதற்கும் முன்னால் நீளமான லென்ஸோதான் சரி.

இதே கணக்கு உங்கள் பழைய லென்ஸ்களுக்கும் பொருந்தும். கேனனின் ஈஎஃப்-எஸ் (கிராப் பாடிக்கான) லென்ஸ்கள் 6டி, 5டி வகை ஃபுல் ஃபிரேம் பாடிகளில் மாட்டவே மாட்டாது. அடாப்டர் போட்டு ஆர்6 மார்க் 2-இல் மாட்டலாம், ஆனால் பாடி தானாகவே கிராப்புக்கு மாறி 9 மெகாபிக்சல் படம்தான் தரும். ஈஎஃப் லென்ஸ்கள் முழுச் சென்சாருக்கும் வேலை செய்யும்; அந்த அடாப்டர் உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் வளையம்தான், படத் தெளிவு குறையாது. நிக்கானில் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டி750, டி7500 போன்ற பாடிகளுக்குள் இருக்கும் மோட்டார் எஃப்டிஇசட் அடாப்டரில் இல்லை, இசட் (மிர்ரர்லெஸ்) பாடியில் அந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் கொண்டு வரவில்லை. அதனால் பழைய டிஎஸ்எல்ஆர் வீணாகிவிடாது. 5டி மார்க் 4 இன்றைக்கும் அருமையான கருவி, கைமாற்றுச் சந்தையில் லென்ஸ்களும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் புதிதாக லென்ஸ்களில் பெரிய தொகை போடப் போகிறீர்கள் என்றால் மிர்ரர்லெஸ் பக்கம் போவதே நல்லது. மற்ற நிறுவன லென்ஸ்கள் சோனியில் தாராளமாகக் கிடைக்கும். கேனனின் ஆர்எஃப் மவுண்டில் (மிர்ரர்லெஸ் பாடியில் லென்ஸ் பொருத்தும் அமைப்பில்) சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024-இல் ஏபிஎஸ்-சிக்கு வரத் தொடங்கின. பாடியின் விலையோடு, அடுத்த மூன்று வருடத்தில் வாங்க நினைக்கும் லென்ஸ்களின் விலையையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

படி 6: முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

பாடி, அடாப்டர், குறைந்தது இரண்டு பேட்டரி, வேகமான கார்டுகள், வெளி ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் புதிய ரா கோப்புகளைத் திறக்குமா என்பதையும் பாருங்கள். பழைய மென்பொருள் புதிய கேமராவின் ராவைப் படிக்காது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கினால் இந்திய வாரண்டி கிடைக்காமல் போகும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள்.

அப்புறம், இந்தத் தொகை எத்தனை வேலையில் திரும்பி வரும்? பொழுதுபோக்குக்கு எடுப்பவருக்கு இந்தக் கேள்வி வேண்டாம், ஆசைக்கு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. தொழிலாகச் செய்பவர், புதிய பாடியால் கூலி ஏறுமா, இல்லை இப்போது மறுக்கும் வேலைகளை ஏற்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் தவணை போட்டு வாங்காதீர்கள்.

படி 7: வாடகைக்கு எடுத்து ஒரு உண்மையான வேலையில் சோதியுங்கள்

கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்ப்பது போதாது. முகூர்த்தம் குறைவான ஆடியிலும் மார்கழியிலும் வாடகை கேமரா சுலபமாகக் கிடைக்கும். ஒரு முழு நாள் எடுத்து, பழைய பாடியையும் கூடவே வைத்துக்கொண்டு, ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில் ஒரே காட்சியை இரண்டிலும் எடுங்கள். மார்கழியில் நாட்டியக் கச்சேரி ஏதாவது அனுமதியோடு எடுக்கக் கிடைத்தால் அதைவிட நல்ல சோதனைக் களம் இல்லை.

வீட்டுக்கு வந்து, எந்தப் படம் எந்தக் கேமரா என்ற விவரத்தை மறைத்து, ஆல்பம் அளவில் இருபது படம் அச்சடியுங்கள். கேமரா பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து நல்லதைப் பொறுக்கச் சொல்லுங்கள். என் மனைவிதான் அவனுக்குப் பொறுக்கிக் கொடுத்தாள். பகல் வெளிச்சத்தில் எடுத்தவற்றில் அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வரவேற்பு மேடைப் படங்களில் மட்டும் ஒன்றுகூடத் தவறாமல் வாடகைக் கேமராவின் படங்களையே எடுத்தாள். "இதுலதான் பொண்ணு நம்மளைப் பாக்குது" என்றாள். கண்ணில் விழுந்த ஃபோகஸைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

படி 8: கைமாற்றில் வாங்கினால்

ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நிக்கானில் படத்தின் எக்சிஃப் தகவலிலேயே அந்த எண் இருக்கும். கேனன் டிஎஸ்எல்ஆர்களில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும். 5டி மார்க் 4, நிக்கான் டி750 இரண்டுக்கும் நிறுவனங்கள் சொல்லும் ஷட்டர் ஆயுள் 1,50,000. அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

சென்னை, கடலூர் பக்கம் வாங்குபவர்கள் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2015, 2023 வெள்ளங்களில் வீட்டோடு நனைந்த பொருட்கள் எத்தனையோ. பேட்டரி அறையைத் திறந்து உள்ளே பச்சைக் கறை இருக்கிறதா, அடிப்பக்கத் திருகுகளில் துரு இருக்கிறதா, வியூஃபைண்டருக்குள் பூஞ்சை நூல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம். சென்சாரில் உள்ள தூசியும் கீறலும் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் மூடியைப் போட்டு நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம். எரிந்த பிக்சல்கள் தெரியும். இரண்டு கார்டு துளையிலும் எழுதச் செய்து, ஃபிளாஷ் மாட்டிப் பார்த்து, பில்லில் உள்ள சீரியல் எண்ணைப் பாடியின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் பணம்.

பழைய பாடியை விற்க அவசரப்படாதீர்கள். தொடக்க நிலை பாடிக்குக் கிடைக்கும் விலை சொற்பம், கல்யாணத்தில் ஒரே பாடியோடு நிற்பதோ பெரிய ஆபத்து.

அவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். மாசியில் 50 மிமீ லென்ஸ் வாங்கினான். வைகாசிக்குள் அவன் நோட்டில் கிரெய்ன், அசைவு இரண்டும் கிட்டத்தட்டக் காணாமல் போயின. மிஞ்சியது இருட்டில் நடந்து வருபவர்கள், அப்புறம் ஒற்றைக் கார்டு பயம். ஆடியில் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, ஆவணியில் ஒரு கைமாற்று ஆர்6 வாங்கினான். அது 20.1 மெகாபிக்சல், அவனுடைய 1500டி-யைவிடக் குறைவு. 5472×3648. ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. மாசியில் வாங்கிய லென்ஸ் அடாப்டர் வழியாக அதில்தான் இருக்கிறது. 1500டி 55-250 லென்ஸோடு இன்னொரு தோளில் தொங்குகிறது.

கெட்ட படங்களின் ஃபோல்டருக்கு "நிக்காதது" என்று பெயர் வைத்திருந்தான். புதிய பாடி வந்த பிறகும் அதை மூடவில்லை. ஐப்பசி முகூர்த்தங்களில் எடுத்தவற்றிலிருந்து பதினேழு அதில் சேர்ந்திருந்தன. போன வாரம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்பதில் ஷட்டர் வேகம் 1/60.